கலர் பார்க்கிற விளக்கு

எனக்கு ஒரு இடத்தில் உட்கார வராது. காலில் சுடுதண்ணியை ஊற்றிக்கொண்டவள் மாதிரி அலைவாள் என்று என் மாமியார் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள். மேஜை முன்னால் உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, போட்டோவில் கலர் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கிற வேலை.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு மாடியில், என் வீட்டுக்காரர் ஸ்டுடியோ வைத்திருந்தார். எண்பதுகளின் நடுவில் கலர் போட்டோ எடுக்காத கல்யாணம் கல்யாணத்தில் சேர்த்தி இல்லை என்று ஆகிவிட்டது. மற்ற ஸ்டுடியோக்காரர்கள் பிலிமை மதுரைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தார்கள். இவர் எங்கிருந்தோ, நெகட்டிவைப் பெரிதாக்கிக் காகிதத்தில் விழவைக்கிற பழைய என்லார்ஜர் ஒன்றைப் பிடித்து வந்து, நாமே பிரிண்ட் போடலாம் என்றார். இருட்டறைக்குள் அவர், வெளியே மேஜையில் நான். அவர் கழுவிக் காயவைத்துக் கொடுப்பதைப் பார்த்து, பச்சை ஏறியிருக்கிறது, நீலம் ஏறியிருக்கிறது என்று நான் சொல்வேன். என்லார்ஜர் விளக்குக்கு முன்னால் செருகுகிற கலர் பில்டரை அதற்குத் தக்கபடி மாற்றி, அவர் மறுபடி போடுவார்.

"குத்தம் கண்டுபிடிக்கிறதுக்குன்னே பொறந்த கண்ணு" என்பார். பாராட்டா நக்கலா என்று கேட்டால் இருட்டறைக்குள் புகுந்துகொள்வார்.

அந்த வருஷம் மாசியில் என் அம்மா செத்துப்போனாள். என் பிறந்த ஊர் கன்னிவாடியில், தோட்டத்தில் காலையில் கத்தரிக்காய் பறித்துக்கொண்டிருந்தவள், மத்தியானம் இல்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாளாம், அவ்வளவுதான். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் இப்படியா போவாள் ஒருத்தி!

அம்மாவுக்கு இருந்தது ஒரே ஒரு கலர் போட்டோ. முதல் கலர் ரோல் வாங்கின புதிதில், சோதித்துப் பார்க்கிறேன் என்று என் வீட்டுக்காரர் அவளைத் தோட்டத்து மோட்டார் ரூம் சுவரோரம் நிறுத்தி எடுத்தது. அரக்குச் சிவப்பில் வெள்ளைப் புள்ளி போட்ட சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலை கட்டியிருந்தாள். முந்தானையால் வேர்வையைத் துடைத்ததில் பொட்டு கலைந்துவிட்டது. கேமராவும் கையுமாக எதிரே நிற்கிற மருமகனிடம் நேராகப் பேசமாட்டாள். என்னைப் பார்த்துச் சொன்னாள்: "ஏத்தா, மாப்ளையச் செத்த பொறுக்கச் சொல்லு. பொட்டு கலஞ்சு கெடக்கு." வீட்டுக்குள் ஓடிப்போய்க் குங்குமம் எடுத்து வந்து, அவருடைய வண்டிக் கண்ணாடியில் குனிந்து பார்த்து வைத்துக்கொண்டு வந்து நின்றாள். சுண்டுவிரல் நுனி அளவு. அவள் பொட்டு எப்போதும் அந்த அளவுதான்.

அந்த நெகட்டிவைப் பெரிதாக்கித் தரச் சொல்லி அப்பா ஸ்டுடியோவுக்கு வந்தார்.

"கருமாதிக்கு முந்தி வேணும் தாயி. அவ அவளாட்டமே இருக்கணும். கூடவும் வேணாம், கொறச்சும் வேணாம்."

இதைக் கேட்டதும் எனக்குத் திக்கென்றது. அப்பா எதையும் வாய்விட்டுக் கேட்கிற ஆள் இல்லை. அம்மாவிடம் பிரியமாக நாலு வார்த்தை பேசி நான் கேட்டதும் இல்லை. அவருக்கு எல்லாமே கிணறும் மோட்டாரும்தான். மும்முனை கரண்ட் வந்துவிட்டால், பிசைந்த சோற்றைத் தட்டோடு விட்டுவிட்டு மோட்டார் ரூமுக்கு ஓடுவார். "மோட்டாரைக் கட்டிக்கிட்டு அழ வேண்டியதுதான, என்னைய எதுக்குக் கட்டுனீரு?" என்று அம்மா கையை நீட்டிக் கத்துவாள். அவர் காதில் அது விழவே விழாது, மோட்டார் சத்தம் மட்டும்தான் விழும்.

கருமாதி வரைக்கும் நான் கன்னிவாடிக்கும் திண்டுக்கல்லுக்கும் பஸ்ஸில் அலைந்துகொண்டிருந்தேன். பெற்ற தாய் செத்த வீட்டில் ஒரு இடத்தில் உட்கார்ந்து அழக்கூட இவளுக்கு முடியவில்லையா என்று சொந்தக்காரப் பெண்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும். அந்த போட்டோவை விட்டால் அம்மாவுக்குச் செய்ய எனக்கு வேறு என்ன இருந்தது?

முதல் பிரிண்டை மேஜையில் டியூப்லைட் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். முகத்தில் பச்சை அடித்தது. சொன்னேன். அவர் பில்டர் மாற்றிப் போட்டார். இன்னும் கொஞ்சம் என்றேன். மறுபடி போட்டார். சரியாகிவிட்டது என்று நானே சான்றிதழ் கொடுத்தேன். அப்பா வந்ததும் எடுத்து நீட்டினேன். அவர் அதை மாடிப்படிக்குக் கொண்டுபோய், வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"நல்லாத்தேன் இருக்கா. ஆனா இவ யாரு?"

எட்டிப் பார்த்தேன். ரோஸ் பவுடரை அப்பின மாதிரி யாரோ ஒரு பெண்மணி, என் அம்மாவின் சேலையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"உங்காத்தா கருப்பு தாயி. கருப்பக் கருப்பாப் போடுறதுக்கு என்ன கொள்ளை?"

தப்பு அந்த டியூப்லைட்டில் இருந்தது. அந்த வெளிச்சமே பச்சை கலந்தது. விளக்கின் பச்சையைப் போட்டோவின் பச்சை என்று நினைத்து, நாங்கள் அதைப் போக்கப் போக, பிரிண்ட் ரோஸாகிவிட்டது. அப்படியானால் இத்தனை மாதமாக திண்டுக்கல் ஜனத்தையே ரோஸாகத்தான் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறோம். ஒருத்தர்கூடச் சண்டைக்கு வரவில்லையே! எப்படி வருவார்கள்? கொஞ்சம் சிவப்பாகத் தெரிந்தால் கசக்கிறதா? அந்த ஸ்டுடியோவில் எடுத்தால் முகம் எடுப்பாக விழும் என்று எங்களுக்குப் பேரே வந்திருந்தது. என் அப்பாவுக்குத்தான் அந்த எடுப்பு வேண்டாமாக இருந்தது.

சரி, டியூப்லைட் வேண்டாம், குண்டு பல்பைப் போடுங்கள் என்றேன். செத்த பொறு, யோசிப்போம் என்றார் என் வீட்டுக்காரர். பொறுக்கிற நேரமா அது? நானே நாற்காலியில் ஏறி பல்பை மாட்டினேன். சாயங்காலமாகிவிட்டது. அந்த நேரத்தில் சுற்றுப்பட்டித் தோட்டங்களில் எல்லாம் மோட்டார் ஓடும். டவுனில் வோல்டேஜ் இறங்கி, எங்கள் பல்பு பழுத்த எலுமிச்சை நிறத்துக்குப் போய்விடும்.

"உங்கப்பா மோட்டாரப் போட்டுட்டாருடி" என்றார். எப்போது வோல்டேஜ் இறங்கினாலும் இதைச் சொல்லி என்னைச் சீண்டுவது அவர் வழக்கம். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பழுத்த வெளிச்சத்தில் பார்த்தால் எல்லாம் மஞ்சளாகத் தெரிந்தது. மஞ்சளை எடுங்கள், இன்னும் எடுங்கள் என்று விரட்டி விரட்டிப் போடவைத்தேன். காலையில் ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தபோது முகம் நீலமாக இருந்தது. உதடும் நீலம். பெஞ்சில் கிடத்தி வைத்திருந்தபோது அம்மா எப்படி இருந்தாளோ, அப்படியே இருந்தாள். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. சுக்குநூறாகக் கிழித்துப் போட்டேன். அவர் குனிந்து துண்டுகளைப் பொறுக்கினார்.

அதற்குப் பிறகுதான் அவர் சொன்ன மாதிரி உட்கார்ந்து யோசித்தோம். அதாவது அவர் உட்கார்ந்தார், நான் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். டியூப்லைட்டில் பச்சையும் நீலமும் கூடுதல், குண்டு பல்பில் மஞ்சளும் சிவப்பும் கூடுதல். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, வெளிச்சம் மேஜையில் கலந்து விழுகிற மாதிரி செய்தார். தூரத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார். வோல்டேஜ் ஆடாமல் இருக்க, வீட்டில் டிவிக்கு வைத்திருந்த ஸ்டெபிலைசரைத் தூக்கிவந்தார். ஞாயிற்றுக்கிழமைப் படம் போச்சு என்று மாமியார் என்னைத்தான் திட்டினார். சுவரில் ரோஸ் டிஸ்டெம்பர் அடித்திருந்தோம். அதன் சாயல் மேஜையில் விழுகிறதென்று சுண்ணாம்பில் கரியைக் கரைத்து, சாம்பல் நிறமாக அவரே அடித்தார். மேஜைமேல் சாம்பல் நிறத் துணி விரித்தார். கடைசியில் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் ஆரஞ்சு கலர் சேலையில் நின்றிருந்தேன்.

"ஒன் சேலைக் கலரும் போட்டோ மேல அடிக்குது. வெள்ளையா எதாச்சும் கட்டிக்கிட்டு வந்து ஒக்காரேன்."

"வெள்ளைச் சேலையா? நீங்க குத்துக்கல்லாட்டம் இருக்கையில நான் எதுக்குங்க வெள்ளைச் சேலை கட்டணும்?"

நாக்கைக் கடித்துக்கொண்டார். அம்மா போய் ரெண்டு வாரம்கூட ஆகாத வீட்டில் கேட்கிற பேச்சா இது? பிறகு அவரே தன்னுடைய சாம்பல் கலர் சட்டையைக் கொண்டுவந்து நாற்காலியில் போட்டுவிட்டுப் போனார். சேலைக்கு மேலே அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

அந்த விளக்கடியில்தான் எனக்கு ஒன்று புரிந்தது. ரொம்ப நேரம் பார்க்கக் கூடாது. பார்க்கப் பார்க்கக் கண் சமாதானமாகி, எந்தக் கலரையும் சரி என்று சொல்லிவிடும். சட்டென்று பார்த்து, சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். உட்கார முடியாத என் சுபாவத்துக்கு அது தோதாகப் போயிற்று. எழுந்து படி வரைக்கும் நடப்பேன், திரும்பி வந்து ஒரு பார்வை பார்ப்பேன், மறுபடி நடப்பேன்.

கன்னிவாடியிலிருந்து அந்தச் சுங்குடிச் சேலையையே எடுத்துவந்து பிரிண்டுக்குப் பக்கத்தில் விரித்துவைத்தேன். அதில் இன்னும் அம்மாவின் வாசனை இருந்தது. அரக்கு அரக்காக வந்தது. புள்ளி வெறும் வெள்ளையாக வந்தது. அதற்கு அடுத்த பிரிண்டில், படியிலிருந்து திரும்பி வந்து பார்த்தால், அம்மா மோட்டார் ரூம் சுவரோரம் நின்றுகொண்டு, சீக்கிரம் எடுத்துத் தொலைங்களேன் என்பது போல் பார்த்துக்கொண்டிருந்தாள். அதே கருப்பு. நெற்றியில் சுண்டுவிரல் நுனி அளவுக்குக் குங்குமம். சட்டை நனைய அழுதேன். அழுது முடித்துவிட்டு, படிக்குக் கொண்டுபோய் வெயிலில் வைத்தும் பார்த்தேன். மாறவில்லை.

அப்பா வந்து பார்த்தார். "இதுதேன்" என்றார். பிரேம் போட்டதைத் துண்டில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அவருடைய சட்டைப் பையில் ஒரு சின்ன அட்டைப் பெட்டி துருத்திக்கொண்டிருந்தது. என்ன மாமா அது என்று என் வீட்டுக்காரர் கேட்டார். "அவளுக்கு ஒரு வெளக்கு மாப்ள, கடைவீதியில வாங்குனேன்" என்றார். கருமாதி அன்று நடுக்கூடத்தில் போட்டோவுக்கு மாலை போட்டு வைத்திருந்தபோது, வந்தவர்கள் எல்லாம் உசுரோட நிக்கிறா, பேசத்தான் இல்லை என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள். பகல் சாப்பாடு முடிந்ததும் நாங்கள் கிளம்பிவிட்டோம்.

அடுத்த மாதம் ஒருநாள், மனசு கேட்காமல், திடுதிப்பென்று பஸ் ஏறி கன்னிவாடிக்குப் போனேன். அப்பா தோட்டத்தில் இருந்தார். வீட்டுக்குள் நுழைந்து சுவரைப் பார்த்தவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. போட்டோக் கண்ணாடிமேல், அம்மாவின் நெற்றியில், உள்ளங்கை அகலத்துக்குக் குங்குமத்தைக் குழைத்து அப்பி வைத்திருந்தது. ஒன்றின்மேல் ஒன்றாக, காய்ந்த அடுக்கு அடுக்காக. புருவம் தெரியவில்லை. பாதிக் கண்கூட மறைந்திருந்தது. எத்தனை நாள் அலைச்சல், எத்தனை பிரிண்ட், எத்தனை விளக்கு! எல்லாம் அந்தப் பூச்சுக்கு அடியில் கிடந்தது.

அப்பா கால் கழுவிவிட்டு உள்ளே வந்ததுமே பிடித்துக்கொண்டேன்.

"யாருப்பா இந்த வேலை பாத்தது? முகத்துல இப்படியா அப்பி வைப்பாங்க? கோயில்ல அம்மனுக்குக்கூட இம்புட்டு அப்ப மாட்டாங்களே!"

"நாந்தேன்."

"ஏன்? நான் போட்டுக் குடுத்தது பிடிக்கலையா? பிடிக்கலைன்னா சொல்ல வேண்டியதுதான? உங்களுக்காக அங்க வீட்டையே தலைகீழாப் போட்டு, விளக்கை மாத்தி, சுவத்துக்கு வேற அடிச்சு…"

"கத்தாத தாயி. சாயந்தரம் பாரு."

சாயந்தரம் என்ன பார்ப்பது? ஒன்றும் விளங்காமல் நான் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தேன். அப்பா காப்பி கேட்டார், போட்டுக் கொடுத்தேன். எருமைக்குத் தண்ணீர் காட்டினார். பொழுது சாய்கிற நேரம் மும்முனை கரண்ட் வந்ததும், ஓடிப்போய் மோட்டாரைப் போட்டுவிட்டு வந்தார். தோட்டத்துப் பக்கமிருந்து அந்தச் சத்தம் கிளம்பியது. கூடம் இருட்டிக்கொண்டு வந்தது. அந்த வீட்டுக் கூடத்துக்கு ஜன்னல் கிடையாது, பகலில் வாசல் வெளிச்சம்தான்.

"இப்பப் பாரு" என்று சொல்லி சுவிட்சைத் தட்டினார்.

பிரேமுக்கு மேலே சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பு எரிந்தது. சாமி படத்துக்கு மேலே எரியுமே, அது. சுவர் சிவந்தது, மாலை சிவந்தது, அம்மாவின் முகம் சிவந்தது. அவ்வளவு பெரிய குங்கும அப்பு, இருந்த இடம் தெரியாமல் அந்தச் சிவப்பில் கரைந்துபோயிற்று. அதற்கு அடியில் இருந்த பொட்டும் இல்லை. வெறும் நெற்றியோடு நின்றாள் என் அம்மா.

கருப்பு வெள்ளை போட்டோ போடும்போது இருட்டறையில் எரிகிற சிவப்பு விளக்கில், சிவப்பு மையால் எழுதினால் தெரியாது. கல்யாணமாகி ஸ்டுடியோவுக்கு வந்த அன்றையிலிருந்து எனக்குத் தெரிந்த விஷயம்தான் அது.

"பகல்ல இருக்கு. வெளக்கப் போட்டா இல்ல" என்றார் அப்பா. "மொத நாளு பாத்துட்டு எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு. சரி, வச்சு விடுவோம்னு வச்சேன். அதுவும் தெரியல. மறுநா இன்னும் கொஞ்சம் வச்சேன். தெனம் வச்சுத்தேன் பாக்குறேன்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேப்பா."

"நீ எம்புட்டுப் பாடுபட்டுப் போட்டுக் குடுத்த. மறுபடியும் சரியில்லன்னு எந்த வாயால சொல்ல?" துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவ பொட்டோட போனவ. நான் இருக்கேன்ல தாயி? நான் கல்லாட்டம் உசுரோட இருக்கையில, அவ எதுக்குப் பொட்டில்லாம நிக்கணும்?"

எனக்கு அழக்கூட நேரமில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன். சூடாக இருந்த சிவப்பு பல்பை முந்தானையால் பிடித்துக் கழற்றினேன். "ஏய், இருட்டுல விட்டுறாத அவள" என்று அப்பா பதறினார். மாட்டுக் கொட்டகைக்கு ஓடி, அங்கே இருந்த நாற்பது வாட்ஸ் குண்டு பல்பைக் கழற்றிக்கொண்டு வந்தேன். அதில் சிலந்தி வலையும் தூசியும் அப்பியிருந்தன. முந்தானையிலேயே துடைத்து மாட்டினேன். ஈரத் துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்கப் போனேன். அப்பா அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, அவரே அடுக்கு அடுக்காகத் துடைத்தார். முதலில் புருவம் வந்தது. பிறகு கண் வந்தது. கடைசியாக, சுண்டுவிரல் நுனி அளவில் அந்தப் பொட்டு வந்தது.

வந்தது, ஆனால் மங்கலாக. வோல்டேஜ் இறங்கிக் கிடந்தது. பல்பு பழுத்து, உள்ளே கம்பி மட்டும் தெரிந்தது. அப்பா முகத்தைக் கண்ணாடிக்கு வெகு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு பல்பைப் பார்த்தார்.

"செத்த இரு" என்று என்னிடம் சொல்லிவிட்டு வெளியே போனார்.

எங்கே போகிறார் என்று எனக்குப் புரிவதற்குள் மோட்டார் சத்தம் நின்றது. பல்பு ஒரு துள்ளுத் துள்ளி வெளுத்தது. அம்மாவின் கருப்பு வந்தது, சேலையின் புள்ளிகள் வந்தன, பொட்டு சிவப்பாகத் துலங்கியது. அப்பா நிலைப்படியில் வந்து நின்றார். கால் முழுக்கச் சேறு.

"பாத்தி பாஞ்சிருச்சாப்பா?" என்று கேட்டேன்.

"பாதிதேன் பாஞ்சிருக்கு. கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, போட்டோவுக்கு நேராகத் தரையில் உட்கார்ந்தார்.